கடல் மட்டமா, மேடு பள்ளமா? – வாசகர் கேள்வி பதில்

அமாவாசை, பௌர்ணமிக் கணக்கு எங்களுக்குத் தெரியும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் கணக்கையும் தாண்டித் தண்ணீர் ஏறி நிற்கிறது. மாசி, பங்குனியில் இறங்கிப்போகிறது. ஏன்?
– படகுக்காரர், பழவேற்காடு

நீங்கள் பார்ப்பது சரிதான். ஓதம் தினமும் ஏறி இறங்குவது ஒரு கணக்கு. அந்த ஓதம் எந்த மட்டத்தின் மேல் ஏறி இறங்குகிறது என்பது வேறு கணக்கு. இந்த இரண்டாவது மட்டம் நம் கரையில் ஆண்டுக்குள் 20 முதல் 30 செ.மீ. வரை மாறும். பெரிய ஓதமே ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் என்னும் கரையில் இது சின்ன அளவல்ல.

காரணங்களில் முதலாவது காற்று. வாடைக்காற்று கரையை ஒட்டித் தெற்காக வீசும்போது, பூமி சுழல்வதால் மேல்நீர் காற்றுக்கு வலப்பக்கம் ஒதுங்கும். வலப்பக்கம் நம் கரை. தண்ணீர் இங்கே குவியும். தென்காற்றில் இதுவே தலைகீழ்: மேல்நீர் ஆழ்கடல் பக்கம் விலகும், கரையில் மட்டம் தாழும், அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலேறும்.

இரண்டாவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது. ஐப்பசிவாக்கில் நிலநடுக்கோட்டை ஒட்டி மேற்கிலிருந்து காற்று அடித்து, இந்தியப் பெருங்கடலின் நீரைக் கிழக்கே சுமத்ரா பக்கம் தள்ளும். அங்கே எழும் மேடு ஓர் அலையாகக் கரையைப் பிடித்துக்கொண்டே மியான்மர், வங்கதேசம், ஒடிசா, ஆந்திரா என்று சுற்றி நம்மிடம் வரும். நாளுக்குச் சுமார் 200 கி.மீ. வேகம். ஆக, இங்கே ஏறும் தண்ணீரில் ஒரு பங்கு சில வாரங்களுக்கு முன் நிலநடுக்கோட்டில் அடித்த காற்றின் வேலை. கங்கை, பிரம்மபுத்திரா கொண்டுவரும் நன்னீர் உப்பைக் குறைத்து, கடல்நீரை லேசாக்கி, மட்டத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்தும். தாழ்வுமண்டலம் வந்தால் அது தனி: காற்றழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் கடல் 1 செ.மீ. ஏறும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மேலே 10 செ.மீ. ஏறினால், கீழே குளிர்நீர் அடுக்கு 20, 30 மீட்டர் இறங்கியிருக்கும். வலை எந்த ஆழத்தில் நிற்க வேண்டும் என்பதற்கு இது நல்ல குறிப்பு.

மேடு இருந்தால் தண்ணீர் பள்ளத்துக்குத்தானே ஓட வேண்டும்? நீரோட்டம் ஏன் கரையோரமாக ஓடுகிறது?
– கல்லூரி மாணவி, கும்மிடிப்பூண்டி

ஓடத்தான் கிளம்புகிறது; பூமியின் சுழற்சி அதை வலப்பக்கம் திருப்பிக்கொண்டே இருக்கிறது. சரிவின் இழுப்பும் இந்தத் திருப்பமும் சமமாகும்போது, நீர் மேட்டைச் சுற்றி ஓடும். நம் அரைக்கோளத்தில் விதி எளிது: மேடு உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள், முகம் பார்க்கும் திசையே நீரோட்டத் திசை. கார்த்திகையில் கரையில் மேடு; ஓட்டம் தெற்கே. பங்குனியில் மேடு ஆழ்கடலில்; ஓட்டம் வடக்கே.

வேகத்தையும் கணக்கிடலாம். 100 கி.மீ. தூரத்தில் 10 செ.மீ. உயர வித்தியாசம் என்றால் சரிவு பத்து லட்சத்தில் ஒன்று. அதைப் புவியீர்ப்பு எண்ணான 9.8-ஆல் பெருக்கி, பழவேற்காட்டின் அட்சரேகைக்குரிய சுழற்சி எண்ணான 0.0000338-ஆல் வகுங்கள். நொடிக்கு 0.29 மீட்டர் வரும். மணிக்கு ஒரு கிலோமீட்டர்; ஆறு மணி நேரம் மிதக்கவிட்ட வலை ஆறு கி.மீ. நகர்ந்திருக்கும்!

பலர் தவறுவது, செயற்கைக்கோள் ரேடார் அளவுகளைக் கொண்டு போடும் கடல் மட்ட வரைபடத்தில். சிவப்பும் நீலமுமாக வரும் படம் பெரும்பாலும் பல ஆண்டுச் சராசரியிலிருந்து உள்ள வேறுபாட்டைத்தான் காட்டும். சராசரிச் சரிவைச் சேர்க்காமல் வேகம் போட்டால் திசையே மாறிப்போகலாம். கரையிலிருந்து முதல் 20, 30 கி.மீ. அளவு நம்பத்தக்கதல்ல, ரேடார் எதிரொலியில் நிலமும் கலந்துவிடும். நிலநடுக்கோட்டை நெருங்கினால் வகுக்கும் எண் பூஜ்யத்தை நெருங்கும், விடை தாறுமாறாகும். காற்று நேரடியாக இழுக்கும் மேல்நீரும் ஓத ஓட்டமும் இந்தக் கணக்கில் இல்லவே இல்லை.

அதே நீரோட்டம்தான் மண்ணைக் கொண்டுவந்து முகத்துவாரத்தை அடைக்கிறதா?
– வாசகர், பழவேற்காடு

இல்லை. மண்ணை நகர்த்துவது கரையில் சாய்வாக உடையும் அலை. கோடையில் ஏரியிலிருந்து வெளியேறும் நீர் குறைந்து, மண்ணை வெளியே தள்ளும் வேகமும் போய்விடுகிறது. ஆனால் முதல் கேள்வியோடு ஒரு தொடர்பு உண்டு: ஏற்கெனவே ஆழமற்றுப்போன முகத்துவாரத்தில் பங்குனியில் கடல் மட்டமும் 20 செ.மீ. தாழ்வதால்தான் படகு தட்டுகிறது.

எங்கள் ஊர்ப்பக்கத்திலிருந்து போகும் ராக்கெட்டுகளில் கடல் மட்டத்தை அளக்கும் செயற்கைக்கோள் ஏதாவது உண்டா?
– தமிழாசிரியர், சூளூர்பேட்டை

உண்டு. 2013 பிப்ரவரி 25 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி20 ஏற்றிச்சென்ற சரள், இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து செய்தது. சுமார் 800 கி.மீ. உயரத்திலிருந்து ரேடார் துடிப்பை அனுப்பி, அது திரும்ப எடுக்கும் நேரத்தைக் கொண்டு உயரம் அளக்கும். போய்வர ஆவது நொடியில் ஆயிரத்தில் ஐந்து பங்குதான். அதில் சில சென்டிமீட்டர் பிழைக்குள் அளக்க வேண்டும். நம் பக்கத்து ஈரக்காற்றே துடிப்பைத் தாமதப்படுத்தி 30 செ.மீ. வரை பொய் சொல்லும். அதைத் தனியாக அளந்து கழிக்கிறார்கள். சரளின் அலைவரிசைக்குக் கரையோரம் பலம், கனமழை பலவீனம். 2016 வரை அது அதே பாதைக்கு 35 நாளுக்கு ஒருமுறைதான் வந்தது. ஒரு கோளின் அளவு போதாது என்பதால், வரைபடத்துக்குப் பல கோள்களின் அளவைச் சேர்த்துத் தைக்கிறார்கள். சிறு சுழல்கள் அந்தத் தையலில் காணாமல்போகும்.

எல் நினோ பசிபிக் சங்கதிதானே, நமக்கென்ன?
– வாசகர், தடா

பசிபிக்கில் கிழக்கிலிருந்து அடிக்கும் காற்று மேற்குப் பக்கம் ஏறக்குறைய அரை மீட்டர் நீரை ஏற்றி வைத்திருக்கும்; எல் நினோவில் அந்தக் காற்று தளர்ந்து நீர் கிழக்கே போகும். நம்மை நேரடியாகத் தொடுவது இந்தியப் பெருங்கடலின் இருமுனை நிகழ்வு, அதாவது அதன் மேற்குப் பக்கம் சூடேறி, கிழக்குப் பக்கம் குளிர்வது. 1997, 2019 ஆண்டுகளில் வந்ததுபோல் அது வலுத்தால், சுமத்ரா பக்கம் மேட்டுக்குப் பதில் பள்ளம் எழும். அந்தப் பள்ளமும் அதே வழியில் வங்கக் கரையைச் சுற்றி உங்கள் ஊருக்கு வரும்.