காலிக் கட்டம்

வணக்கம் சார். மண்டபம் பக்கத்து மீனவக் கிராமத்தைச் சேர்ந்தவள் நான். நர்சிங் இரண்டாம் ஆண்டு. தமிழ் வழியில் படித்ததால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாலே கை நடுங்குகிறது. இனி ஆஸ்பத்திரியில் எல்லாமே டிஜிட்டல்தான் என்கிறார்கள். அம்மாவின் வளையலை அடகு வைத்து லேப்டாப் வாங்கலாமா? ஏஐயிடம் கேட்டுப் படிப்பது சரியா?
– ம.

அன்புள்ள ம.,

வளையலில் கை வைக்காதீர்கள். கல்லூரிக் கம்ப்யூட்டரில் தினமும் உட்கார்ந்தால் நடுக்கம் போய்விடும். ஏஐயிடம் தாராளமாகக் கேளுங்கள், ஆனால் பாடநூலோடு ஒப்பிடாமல் எதையும் நோட்டில் ஏற்றாதீர்கள். ஓர் உதாரணம்: நம் ஆட்களை வலையில் ஏறிவரும் கடல்பாம்பு கடிக்கிறது. இங்கே கிடைக்கும் விஷமுறிவு மருந்தோ நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்காகத் தயாரிக்கப்படுவது. கடல்பாம்பு என்று சொல்லாமல் பாம்புக்கடி என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

சரி, அது போகட்டும். உங்கள் கடிதம் வருமுன்பே என் மனதை அரித்துக்கொண்டிருந்தது வேறொன்று.

காகிதப் பதிவேட்டில், பிரஷர் பார்க்காவிட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடலாம். பார்க்கவில்லை என்று அடுத்தவருக்குத் தெரியும். பல செயலிகளில் சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டத்தை நிரப்பாமல் சேமிக்கவே முடியாது. வெளியே கூட்டம், நெட் விட்டுவிட்டு வருகிறது, மேலிடத்தில் கணக்குக் கேட்கிறார்கள். யாரோ 110/70 என்று தட்டிவிடுகிறார். அந்த நொடியிலிருந்து அது உண்மை.

என் சித்தி மகளுக்கு இதுதான் நடந்தது. பாம்பனில் வாழ்க்கைப்பட்டவள். மச்சான் கடலுக்குப் போகிறவர். கர்ப்பமான நாளிலிருந்து மாதாமாதம் பரிசோதனைக்குப் போனாள். பதிவில் மாதாமாதம் 110/70. அங்கே பிரஷர் பார்க்கும் கருவி பழுதாகிக் கிடந்தது பிறகுதான் தெரியவந்தது. கால் வீங்கியது, தலைவலி என்றாள், கண் மங்குகிறது என்றாள். கடைசியில் வலிப்பு வந்து வேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கிருந்தவர்கள் பிரஷர் சரியாக இருந்ததாகச் சொன்ன பழைய பதிவை நம்பி, இது பிரஷரால் வந்த வலிப்பு என்று நினைக்காமல், பழைய வலிப்பு நோயா என்று எங்களிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

கர்ப்பத்தில் இருபது வாரத்துக்குப் பிறகு பிரஷர் 140/90-ஐத் தொட்டாலே எச்சரிக்கை என்று உங்கள் பாடத்திலேயே இருக்கிறது. அந்தப் பாடத்தை மனப்பாடம் செய்தவர்தான் அளக்காத எண்ணையும் தட்டியிருப்பார். எனக்கு ஆறாத கோபம் அதில்தான். ஒரே பெண்ணுக்கு ஐந்து மாதமும் ஒரே எண் இருந்தால் அது நல்ல உடம்பு என்று எடுத்துக்கொள்வீர்களா? ஒரு உடம்பின் பிரஷர் காலையும் மாலையுமே மாறும். அப்படி ஒரு வரிசையைக் கண்டால் பட்டையை எடுத்து நீங்களே கையில் கட்டி அளந்து பாருங்கள். இதைச் சொல்லித்தராத கம்ப்யூட்டர் கோர்ஸுக்கு ஒரு பைசா கட்டாதீர்கள்.

ஓடிபியிலும் இதே அவசரம்தான். ஆபா எண்ணை, அதாவது அரசின் டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு எண்ணை, ஆதார் ஓடிபி வழியாக எடுத்தால், ஆதாரில் இணைத்த போனுக்கு ஓடிபி போகும். அந்தப் போன் புருஷனோடு கடலில் இருக்கும். அதற்காக வேறு யாருடைய எண்ணையாவது கொடுத்துப் பதிவை முடிக்காதீர்கள். அவர் கரைக்கு வரட்டும்.

நாளை நீங்கள் களத்துக்குப் போகும்போது கருவி ஓடவில்லை என்றால், 'அளக்கவில்லை, கருவி பழுது' என்று குறிப்பில் எழுதுங்கள். குறிப்பு எழுத இடமில்லையென்றால் சேமிக்காமல் வந்து பொறுப்பு நர்ஸிடம் சொல்லுங்கள். மறுநாள் வேலை செய்யும் கருவியோடு அந்த வீட்டுக்குப் போங்கள். பதிவு பாக்கி என்று திட்டுவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள்.