வாய் ஒரு பக்கம், மந்திரம் ஒரு பக்கம்: வீடியோ எடிட்டிங் கேள்வி பதில்

கேள்வி: திருவந்திபுரத்தில் நடந்த அக்கா கல்யாணத்தை என் போனிலேயே எடுத்தேன். ஐயர் பக்கத்தில் ஒரு சின்ன வாய்ஸ் ரெக்கார்டரும் வைத்திருந்தேன். இரண்டையும் கம்ப்யூட்டரில் சேர்த்தால் ஆரம்பத்தில் சரியாக இருக்கிறது. ஒரு மணி நேரம் தாண்டித் தாலி கட்டும் இடம் வரும்போது சத்தம் கிட்டத்தட்ட இரண்டு நொடி விலகிவிடுகிறது. இழுத்து நேராக்கினால் ஆரம்பம் கெட்டுப்போகிறது. என்ன செய்வது அண்ணா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: முதலிலிருந்து கடைசிவரை ஒரே அளவு விலகல் என்றால், ஒலியை நகர்த்தி வைத்தால் போதும் தம்பி. உங்களுடையது போகப் போக வளர்கிறது. அப்படியென்றால் படமும் ஒலியும் வேறு வேறு வேகத்தில் ஓடுகின்றன. எவ்வளவு நகர்த்தினாலும் ஒரு முனை கெடத்தான் செய்யும்.

தப்பு எதில் என்று முதலில் பாருங்கள். ரெக்கார்டர் ஒலியை மியூட் செய்துவிட்டு, போனில் பதிவான ஒலியோடு மட்டும் கடைசிப் பகுதியை ஓட்டுங்கள். அதிலும் ஐயர் வாய் பொருந்தவில்லை என்றால் ரெக்கார்டர் மேல் குற்றமில்லை. இரண்டு நொடி என்பதால் எனக்குப் போன் மேல்தான் சந்தேகம். நொடிக்கு 30 ஃபிரேம் (வீடியோவின் ஒவ்வொரு தனிப்படமும் ஒரு ஃபிரேம்) என்று போட்டிருந்தாலும், வெளிச்சம் குறைந்தால் பல போன்கள் ஃபிரேமைக் குறைத்துக்கொள்ளும். மண்டபத்து நிழலில் ஒரு கணக்கு, வாசல் வெயிலில் ஒரு கணக்கு. சில எடிட்டிங் மென்பொருள்கள் எல்லா ஃபிரேமும் சம இடைவெளியில் வந்ததாக எடுத்துக்கொள்ளும். அதனால்தான் போனில் ஒழுங்காக ஓடும் அதே வீடியோ, எடிட்டிங்கில் படத்தையும் ஒலியையும் அடுக்கும் டைம்லைனில் வழுக்குகிறது.

இதற்கு மருந்து, ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள். வீடியோ பகுதியில் ஃபிரேம் ரேட்டை 30 என்று வைத்து, ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’ (மாறாத ஃபிரேம் வேகம்) என்பதைத் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். வந்த புதுக் கோப்பை வைத்து எடிட்டிங்கை முதலிலிருந்து தொடங்குங்கள். மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு கொஞ்சம் விலகல் மிச்சம் இருக்கலாம். போனிலும் ரெக்கார்டரிலும் தனித்தனிக் கடிகாரம் ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே மணிக்கு 72 மில்லிநொடி சேரும். உங்கள் படத்தில் அது இரண்டு ஃபிரேம். ஒலியை முழுதாக இழுத்துச் சுருக்கவும் வழி உண்டு. நான் வெட்டுவதைத்தான் விரும்புகிறேன். ஐயர் மூச்சு விடும் இடமாகப் பார்த்துப் பத்து நிமிடத்துக்கு ஒரு வெட்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் ஓரிரு ஃபிரேம் நகர்த்தினால் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு இடத்தையும் கண்ணால் பார்த்துச் சரிபார்த்த நிம்மதியும் கிடைக்கும்.

எதை வைத்துப் பொருத்துவது? ப, ம சொல்லும்போது உதடு மூடியே தீரும். ‘மாங்கல்யம் தந்துனானேன’ என்று தொடங்குகிறாரே, அந்த முதல் ‘மா’வுக்கு உதடு திறக்கும் ஃபிரேமில் ஒலியை உட்கார வையுங்கள். தவில்காரர் படத்தில் இருந்தால் இன்னும் வசதி. குச்சி தோலைத் தொடும் ஃபிரேமும் வேவ்ஃபார்மில் (ஒலியைக் காட்டும் அலைக்கோட்டில்) எழும் கூர்முனையும் ஒரே கோட்டில் வர வேண்டும். மென்பொருளே தானாகப் பொருத்தும் வசதியைத் திருவந்திபுரத்தில் எடுத்த கல்யாணத்துக்கு அப்படியே நம்பாதீர்கள். முகூர்த்த நாளில் அங்கே பக்கத்திலேயே இன்னொரு கல்யாணத்தின் கெட்டிமேளமும் முழங்கும். போன் ஒரு மேளத்தையும் ரெக்கார்டர் இன்னொன்றையும் கேட்டிருந்தால் அது தடுமாறிவிடும்.

நேரம் குறைவாக இருந்தால் தாலி கட்டும் பகுதியை முதலில் முடியுங்கள். வீட்டில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கப்போவது அதைத்தான். அடுத்த முறை, ரெக்கார்டரை ஓடவிட்டதும் கேமரா முன்னால் ஒரு கைத்தட்டு, முடிக்கும்போது இன்னொன்று. ரெக்கார்டரின் சாம்பிள் ரேட்டை (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பதை) 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். வீடியோவுக்கு அதுதான் வழக்கமான அளவு.

கேள்வி: வைத்திக்குப்பம் மாசிமகத் தீர்த்தவாரியைக் கூட்டத்துக்குப் பின்னால் நின்று ஜூம் செய்து, 25 ஃபிரேமில் எடுத்தேன். ஒரே கேமரா, அதன் மைக்தான். ஆனாலும் மேளச் சத்தம் குச்சிக்குப் பின்னால் வருகிறது. கேமரா பழுதா?
– வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: பழுது இல்லை அம்மா. ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர்தான் போகும். மேளக்காரர் 70 மீட்டர் தள்ளி இருந்தால் சத்தம் ஐந்தில் ஒரு நொடி தாமதமாகத்தான் வரும். உங்கள் படத்தில் அது ஐந்து ஃபிரேம். ஜூம் செய்ததால் ஆள் பக்கத்தில் இருப்பதுபோல் தெரிகிறார், சத்தம் மட்டும் தூரத்திலிருந்து வருகிறது.

ஜூம் செய்த காட்சிகளில் மட்டும் ஒலியை ஐந்து ஃபிரேம் முன்னால் தள்ளுங்கள். கடல், கூட்டம் எல்லாம் தெரியும் அகலக் காட்சியை அப்படியே விடுங்கள், அங்கே அந்தத் தாமதம் இயல்பு. தள்ளும்போது அளவு மீறவும் கூடாது. ஒலி பிந்துவதை நாம் பொறுத்துக்கொள்கிறோம், முந்தினால் சீக்கிரம் உறுத்தும். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிடி.1359 பரிந்துரையில், ஒலி 45 மில்லிநொடி முந்தினாலோ 125 மில்லிநொடி பிந்தினாலோ பார்ப்பவருக்குத் தெரியத் தொடங்கும் என்று இருக்கிறது. அதனால் ஐந்தா ஆறா என்று குழப்பம் வந்தால் ஐந்தோடு நில்லுங்கள்.

கேள்வி: எடிட் செய்யும்போது எல்லாமே பிந்திக் கேட்கிறது. நண்பன் கம்ப்யூட்டரில் அதே வீடியோ சரியாக ஓடுகிறது. ஏன்?
– வாசகர், லாஸ்பேட்டை

பதில்: ப்ளூடூத் ஹெட்போனா? அது ஒலியைச் சுருக்கி அனுப்பி விரிப்பதற்குள் நூறு, இருநூறு மில்லிநொடி போய்விடும். அதைக் கேட்டு ஒலியை நகர்த்தியிருந்தால் எல்லாவற்றையும் பழைய இடத்துக்குக் கொண்டுபோங்கள். வயர் வைத்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு மறுபடி பாருங்கள்.