பெயரில்லாத மாத்திரைப் பொட்டலமும் பிள்ளையின் இழுப்பும்

மஸ்கெலியாப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: “என் மகனுக்கு எட்டு வயது. மூன்று வருடமாக ஆஸ்துமா இழுப்பு. கிளினிக்கில் வாயால் உறிஞ்சும் மருந்துப் பம்ப் தந்தார்கள். பம்ப் பழகினால் விட முடியாது என்று மாமியார் தடுக்கிறார். டவுனில் ஒருவர் பொட்டலம் கட்டித் தரும் வெள்ளை மாத்திரை போட்டால் இரண்டு நாளில் நின்றுவிடுகிறது. இப்போது அவரே, மூலகாரணத்தைக் கண்டுபிடிக்க ரத்தம் சோதிக்க வேண்டும், கண்டிக்குத் தானே கூட்டிப் போகிறேன் என்கிறார். மலைக் குளிர்தான் காரணமா? கொழும்பில் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிடலாமா? என் வீட்டுக்காரர் தேயிலைத் தொழிற்சாலை ஸ்டோரில் சல்லடைப் பக்கம் வேலை செய்கிறார்.”

சகோதரி, பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டாம். அந்த ரத்தப் பரிசோதனைக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். ஆனால் அந்த மாத்திரையை, இதைப் படித்த கையோடு நீங்களாகவே நிறுத்திவிடவும் வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

பீலியிலிருந்து வீட்டுக்கு ரப்பர் குழாய் இழுத்திருப்பீர்கள். குழாயின் மேல் கல் விழுந்து அமுக்கினாலும் தண்ணீர் குறையும். உள்ளே பாசி தடித்தாலும் குறையும். உங்கள் மகனின் மூச்சுக் குழாயில் இந்த இரண்டும் நடக்கின்றன. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. உட்சுவர் வீங்கிச் சளி சுரக்கிறது. உலகத்து மருத்துவர்கள் வெகுகாலம் கல்லைத்தான் பெரிதாகப் பார்த்தார்கள். 1969இல் வந்த சல்பியூட்டமோல், அதாவது பெரும்பாலும் நீல நிறத்தில் கிடைக்கும் பம்ப், அந்தக் கல்லைத் தள்ளிவிடும் மருந்து. சில நிமிடங்களில் மூச்சு வரும். நாலைந்து மணி நேரத்தில் அதன் வேலை முடிந்துவிடும். 1980களில் குழாய்க் கருவியை உள்ளே செலுத்தி, மூச்சுக் குழாயின் உட்சுவரிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். இலேசான ஆஸ்துமா உள்ளவர்களிடமும், இழுப்பு இல்லாத நாட்களிலும் அங்கே அழற்சி, அதாவது அந்த வீக்கம், இருந்தது. பிள்ளை சிரித்து விளையாடும் நாளிலும் பாசி அங்கேயே இருக்கிறது.

அந்த அழற்சியைக் குறைப்பது உறிஞ்சும் ஸ்டீராய்டு மருந்து. பெக்லோமெத்தசோன் என்ற பெயரில் 1972 முதல் பம்ப்பாகக் கிடைக்கிறது. அதைத் தினமும் எடுக்க வேண்டும். பலன் தெரியச் சில நாட்களோ வாரங்களோ ஆகும். உடனே எதுவும் நடக்காததால் “இது வேலை செய்யவில்லை” என்று அதை மூலையில் வைத்துவிட்டு, நீலத்தையே அமுக்கிக்கொண்டிருக்கும் வீடுகளை நான் எத்தனையோ பார்த்துவிட்டேன். நீலத்தை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து. பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் அதைத் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்று உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் 2019இல் சொல்லிவிட்டது.

இனி அந்தப் பொட்டலம். பெயர் எழுதாத வெள்ளை மாத்திரை, இரண்டு நாளில் இழுப்பு மாயம் என்றால் அதில் பிரெட்னிசோலோன் இருக்கும் என்பதே என் முதல் சந்தேகம். அதுவும் ஸ்டீராய்டுதான். உங்கள் மாமியார் பம்ப்புக்குப் பயப்படுகிறார், கணக்கைப் பாருங்கள். பெக்லோமெத்தசோன் பம்ப்பை ஒரு முறை அமுக்கினால் பொதுவாக 50 அல்லது 100 மைக்ரோகிராம். பிரெட்னிசோலோன் மாத்திரை ஒன்று 5 மில்லிகிராம், அதாவது 5000 மைக்ரோகிராம். இரண்டும் வேறு வேறு மருந்துகள், நேருக்கு நேர் எடை போட முடியாது. ஆனாலும் ஒன்று நேரே மூச்சுக் குழாய்க்குப் போகும் சிட்டிகை; மற்றது வயிற்றில் இறங்கி எலும்பு, கண், சர்க்கரை என்று உடம்பு முழுவதும் ஓடும் பிடி. முகம் உப்பி, ஓயாத பசியோடு, உயரம் மட்டும் கூடாமல் நிற்கும் பிள்ளைகளை என் முன்னால் கொண்டுவந்து “நல்ல மருந்து டாக்டர், பிள்ளை தேறியிருக்கிறான்” என்று சொல்லும் தாய்மாரிடம் உண்மையைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு அடைக்கும். தேறியதல்ல அது. மருந்தின் பெயரைச் சொல்ல மறுப்பவரிடம் மருந்து வாங்காதீர்கள். பொட்டலத்தில் பெயர் இல்லை, அளவு இல்லை, திகதி இல்லை என்றால் அதைக் கொடுத்தவர் எதற்கும் பொறுப்பேற்கப் போவதில்லை. “மூலிகைப் பொடிதான்” என்று சொல்லி அதில் இதே மாத்திரையை இடித்துக் கலப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் நன்றாகக் கவனியுங்கள். பிரெட்னிசோலோன் கெட்ட மருந்து அல்ல. கடுமையான இழுப்பில் டாக்டர் மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு அதை எழுதித் தந்தால் தயங்காமல் கொடுங்கள். அது உயிர் காக்கும். என் கவலை, மாதக்கணக்கில் உள்ளே போனதைப் பற்றியது. நம் சிறுநீரகங்களின் மேல் இருக்கும் சிறு சுரப்பிகள் இதே வகை ஸ்டீராய்டைத் தாமே சுரக்கின்றன. வெளியிலிருந்து நீண்டநாள் வந்துகொண்டிருந்தால் அவை சோம்பிப் படுத்துவிடும். அந்த நேரத்தில் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பில் இரண்டும் இருக்காது. வாந்தி, மயக்கம், இரத்த அழுத்தச் சரிவு வரலாம். அந்த வேளையில் ஒரு காய்ச்சல் வந்தாலே உயிருக்கு ஆபத்து. ஆகவே உங்கள் மகன் அந்த மாத்திரையைச் சில வாரங்களுக்கு மேல் தொடர்ந்து எடுத்திருந்தாலும், விட்டு விட்டு அடிக்கடி எடுத்திருந்தாலும், நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள்; படிப்படியாகக் குறைப்பார். இதை எழுதாமல் விட்டால், இந்தக் கட்டுரையைப் படித்துக் கோபத்தில் பொட்டலத்தை அடுப்பில் போடும் ஒரு தாயால் நான் குற்றவாளி ஆவேன்.

ரத்தப் பரிசோதனைக்கு வருகிறேன். அவர் சொல்வது பெரும்பாலும் ஐஜிஇ அளவாக இருக்கும். 1960களின் நடுவில் கண்டுபிடிக்கப்பட்ட எதிர்ப்புப் பொருள் அது. ஒவ்வாமை ஆஸ்துமாவில் அதற்குப் பங்கு உண்டு என்பது உண்மை. வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியான தூசி உண்ணியின் எச்சம் மூச்சுக் குழாயில் பட்டால், ஐஜிஇ ஒட்டியிருக்கும் செல்கள் வெடித்ததுபோல் ஹிஸ்டமின் என்ற இரசாயனத்தைக் கொட்டுகின்றன. ஆனால் வயிற்றில் குடற்புழு இருந்தாலும் ஐஜிஇ எகிறும். தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த எண் கூடியிருந்தால் அது ஆஸ்துமாவைக் காட்டுகிறதா, பூச்சியைக் காட்டுகிறதா? அந்தத் தாள் சொல்லாது. சொன்னாலும் உங்கள் மகனின் முதல் சிகிச்சை மாறாது. பரம்பரையில் காரணம் தேடியவர்கள் 2007இல், மரபணுக்களைச் சுமக்கும் 17ஆம் குரோமோசோமில் சிறுவர் ஆஸ்துமாவோடு தொடர்புடைய ஓர் இடத்தைக் கண்டார்கள். பிறகு இன்னும் பல இடங்கள் வந்தன. பரம்பரை, வைரஸ், தூசி, புகை எல்லாம் சேர்ந்து செய்யும் வேலைக்கு “மூலகாரணம்” என்று ஒற்றைப் பெயர் எழுதிய தாளை எந்த ஆய்வுகூடமும் தர முடியாது. கூட்டிப் போகிறவருக்குப் பங்குப் பணம் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். முகத்தில் பதில் தெரியும்.

குளிர் காரணமா? குளிர் காற்று இழுப்பைத் தூண்டலாம். நோயை உண்டாக்குவது அதுவல்ல. 1995இல் இங்கிலாந்தில் 9 முதல் 11 வயதுப் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தபோது, இழுப்பு வந்த வேளைகளில் 80 முதல் 85 சதவீதத்தில் சளி, காய்ச்சல் வைரஸ்கள் கிடைத்தன. மலைக்காற்று ஆஸ்துமாவுக்கு நல்லது என்ற பேச்சு சுவிட்சர்லாந்தின் டாவோஸ் போன்ற இடங்களிலிருந்து வந்தது. அங்கே காற்று வறண்டது. தூசி உண்ணி வாழ முடியாது. நுவரெலியா டாவோஸைவிட உயரம்தான், ஆனால் இங்கே மழையும் மூடுபனியும். உண்ணி தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தையே உறிஞ்சி வாழ்கிறது. லயக் காம்பராவின் ஈரச் சுவரும் பழைய தும்பு மெத்தையும் அதற்குச் சொர்க்கம். கொழும்பும் ஈரம்தான். பிள்ளையை அனுப்பினால் அம்மாவைப் பிரிந்த ஏக்கம் மட்டும் மிஞ்சும். வெயில் அடிக்கும் நாளில் மெத்தையையும் கம்பளியையும் காயப்போடுங்கள். துணிகளை நன்றாகச் சுடும் தண்ணீரில் துவையுங்கள். விறகு அடுப்பு எரியும்போது பிள்ளை அதனருகில் இருக்க வேண்டாம்.

தேயிலைத் தூசியால் தொழிற்சாலையில் வேலை செய்பவர்களுக்கு ஆஸ்துமா வரலாம் என்று நம் நாட்டு மருத்துவர் உரகொட 1970இலேயே எழுதிவிட்டார். உங்கள் கணவர் வேலைச் சட்டையை வெளியிலேயே மாற்றிவிட்டு வரட்டும். அவருக்கும் இருமல் இருந்து, விடுமுறை நாளில் அது குறைந்தால், அவரும் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

விடியற்காலை பஸ் பிடித்து, ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை, இழந்து, வரிசையில் நின்று வருபவருக்குக் கிளினிக்கில் கிடைப்பது சில நிமிடங்கள். பம்ப்பைக் கையில் கொடுக்கிறார்கள். அமுக்கும் விதத்தைத் தமிழில் காட்ட ஆளில்லை. எட்டு வயதுப் பிள்ளை நேரே வாயில் அடித்தால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். பிறகு “பம்ப் பிடிக்கவில்லை” என்று தாயின் மேல் பழி. இத்தனை வருடமாக இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. பம்ப்புக்கும் வாய்க்கும் இடையில் வைக்கும் ஸ்பேசர் என்ற குடுவையைத் தராவிட்டால் கேளுங்கள். இல்லையென்றால் 500 மில்லிலீட்டர் சுத்தமான பிளாஸ்டிக் போத்தலின் அடியில் பம்ப்பின் வாய் அளவுக்குத் துளையிட்டு, இடைவெளி இல்லாமல் ஒட்டி அடையுங்கள். 1999இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் சோதித்தபோது இப்படி அடைத்த போத்தல் கடை ஸ்பேசருக்கு ஈடாக வேலை செய்தது. ஒரு முறை அமுக்கி, போத்தல் வாயில் ஐந்தாறு மூச்சு எடுக்க விடுங்கள். ஸ்டீராய்டு எடுத்தபின் வாய் கொப்பளிக்கட்டும்.

வசனத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினாலோ, விலா உள்ளிழுத்தாலோ, உதடு நீலித்தாலோ பொட்டலக்காரருக்குப் போன் செய்யாதீர்கள். நீல மருந்தைப் போத்தல் வழியாகக் கொடுத்துக்கொண்டே 1990 என்ற எண்ணை அழையுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. மற்றபடி இந்த வாரமே கிளினிக்குக்குப் போங்கள். மிஞ்சியிருக்கும் வெள்ளை மாத்திரைகளையும் எத்தனை மாதமாகக் கொடுத்தீர்கள் என்ற கணக்கையும் எடுத்துச் சென்று டாக்டரின் மேசையில் வையுங்கள்.