முதல்ல தண்ணி வடியட்டும், கேலரி அப்புறம் கட்டலாம்

கேள்வி: எங்க ஏரியா கிரவுண்டை சின்ன ஃபுட்பால் ஸ்டேடியமா மாத்தலாம்னு பேச்சு ஓடுது. இடம் கம்மிதான், ரூல்ஸ் ஒத்துக்குமா? காசை முதல்ல எதுல போடணும்?

பதில்: இடம் கம்மின்னு விட்டுடாதீங்க. ஃபுட்பால் கிரவுண்டுன்னா எல்லா எடத்துலயும் ஒரே சைஸுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல, நீளம் 90லேர்ந்து 120 மீட்டர், அகலம் 45லேர்ந்து 90 மீட்டர், இதுக்குள்ள இருந்தா போதும், பெரிய மேட்ச்ல நாம பாக்குறது பெரும்பாலும் 105க்கு 68. ஆனா ரொம்ப ஒடுக்கிடாதீங்க. 45 மீட்டர் அகலம் வச்சா பெனால்டி பாக்ஸே 40 மீட்டருக்கு மேல எடுத்துக்கும், விங்ல, அதாவது ஓரத்துல ஓடுற பிள்ளைக்கு ரெண்டு பக்கமும் ரெண்டரை மீட்டர் கூட மிஞ்சாது, அப்புறம் என்ன ஆட்டம்?

கோல் ரெண்டும் வடக்கு தெற்கா இருக்கட்டும், இல்லன்னா சாயங்கால வெயில் ஒரு கோல்கீப்பர் கண்ணுலயே நேரா அடிக்கும்.

காசு? கண்ணை மூடிட்டு சொல்வேன், தரைக்குக் கீழ போடுங்க. ஜல்லி, மணல், வடிகால் பைப், நடுவுல லேசா மேடு. வெளிய தெரியாத வேலைங்கறதால யாரும் இதைக் கேக்குறதே இல்ல, எல்லாருக்கும் கேலரிதான் வேணும். ஒரு மழைக்கு கோல் முன்னாடி குளம் கட்டி நின்னா அந்த கேலரில உக்காந்து எதைப் பாக்குறது?

கேள்வி: செயற்கைப் புல்லு போட்டுடலாமா?

பதில்: நாள் பூரா பசங்க ஆடுற எடம்னா யோசிக்கலாம், ஏன்னா நிஜப் புல்லுக்கு ஓய்வு வேணும், இதுக்கு வேணாம். ஆனா உச்சி வெயில்ல பயங்கரமா கொதிக்கும், சறுக்கி விழுந்தா தோல் உரியும். 2015 பெண்கள் உலகக்கோப்பை முழுக்க கனடாவுல செயற்கைப் புல்லுலதான் நடந்துச்சு, அதை எதிர்த்து வீராங்கனைங்க முந்தின வருஷமே வழக்கு போட்டாங்கன்னா பாத்துக்கோங்க. செயற்கைப் புல்லுக்கு நடுவுல தூவுற ரப்பர் துகளும் பிரச்சினைதான், மைக்ரோபிளாஸ்டிக், அதாவது ரொம்பப் பொடியான பிளாஸ்டிக்னு சொல்லி ஐரோப்பிய யூனியன் 2023ல விற்பனைக்குத் தடை கொண்டு வந்துச்சு, மாறிக்க 8 வருஷம் டைம் குடுத்திருக்காங்க. இப்ப புதுசா போடுறவங்க வேற துகள் இருக்கான்னு கேட்டே ஆகணும்.

கேள்வி: பாதுகாப்புக்கு என்னென்ன பாக்கணும்?

பதில்: நகர்த்துற கோல்போஸ்ட் இருந்தா தரையோட இறுக்கிக் கட்டுங்க, அது ரூல்லயே இருக்கு. பசங்க அதுல தொங்குவாங்க, கவுந்தா உயிரே போயிடும், போயிருக்கு.

அடுத்தது கேட். 1985ல இங்கிலாந்துல பிராட்ஃபோர்ட் கிரவுண்ட்ல பழைய மர கேலரி தீப்பிடிச்சு 56 பேர் செத்தாங்க. கேலரிக்கு அடியில வருஷக்கணக்கா குப்பை சேந்திருந்துச்சு, பின்பக்கம் ஓடுனவங்களுக்கு கதவு பூட்டி இருந்துச்சு, முன்பக்கம் வேலி இல்லாததாலதான் அத்தனை பேர் மைதானத்துக்குள்ள குதிச்சு தப்பிச்சாங்க. அதனால மேட்ச் நடக்கும்போது எந்த கேட்டுக்கும் பூட்டு வேணாம், கேலரிக்கு அடில ஒரு பேப்பர் கூட சேர விடாதீங்க.