நான் வாங்கிய ரோமானிய சிலிகுவா வெள்ளிக் காசின் ஓரம் கத்தரித்தது போல இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

ஓரம் போனதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. என்னிடம் இருக்கும் ஒரே சிலிகுவாவும் இப்படித்தான். ஒனோரியஸ் பேரரசர் காலத்துக் காசு. முகம் முழுசாக இருக்கிறது, தலையில் கட்டிய முத்துப்பட்டைகூடத் தெரிகிறது. சுற்றியிருந்த பெயரில் பாதி இல்லை. பின்பக்கம் ரோமா தேவி உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குக் கீழே மிலான் அக்கசாலைக் (காசு அடிக்கும் கூடம்) குறி இருக்க வேண்டிய இடத்தில் எழுத்துகளின் தலை மட்டும் மிச்சம். நகைத் தராசில் 1.2 கிராம் காட்டியது. வெட்டாத காசு 2 கிராமை ஒட்டி இருக்கும்.

இப்படி ஓரம் வெட்டுவது பெரும்பாலும் பிரிட்டனில் நடந்த வேலை. கி.பி. 402-ஐ ஒட்டி அங்கே புதுக் காசு வரத்து ஏறக்குறைய நின்றுபோனது. 407-இல் அங்கிருந்த ரோமானியப் படை பேரரசனாக அறிவித்த மூன்றாம் கான்ஸ்டன்டைன், அந்தப் படையைக் கூட்டிக்கொண்டு கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டுக்குப் போய்விட்டான். சம்பளம் கொடுக்க ஆளில்லை, ஆனால் சந்தை நடக்க வேண்டுமே! கையிலிருந்த பழைய காசின் ஓரத்தைச் சுரண்டி, அந்த வெள்ளியில் உள்ளூரிலேயே நகல் அடித்துக்கொண்டார்கள். மன்னர் முகத்தில் மட்டும் கத்தரி படாமல் பார்த்துக்கொண்டார்கள். பயமா, முகம் போனால் செல்லாது என்ற கணக்கா? எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது.

1992-இல் இங்கிலாந்தின் சஃபோக் வட்டாரத்தில் ஹாக்ஸன் (Hoxne) என்ற ஊரில், நண்பர் தொலைத்த சுத்தியலை மெட்டல் டிடெக்டரால் தேடப்போன எரிக் லாஸுக்கு ஒரு புதையலே கிடைத்தது. அதில் 14,000-க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள். சிலிகுவாக்களில் கிட்டத்தட்ட எல்லாமே ஓரம் வெட்டியவை. (சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில்.)

சிலிகுவா என்றால் கரோப் மர விதை. நம் பத்தர்கள் குன்றிமணி வைத்து நிறுத்த மாதிரி, அங்கே 24 விதை எடைத் தங்கம் ஒரு சாலிடஸ் என்ற தங்கக் காசு. காரட் என்ற சொல்லும் அதே விதையிலிருந்து வந்ததுதான்.

உங்கள் காசின் ஓரத்தை லென்ஸில் பாருங்கள். சின்னச் சின்ன நேர்வெட்டுகளாக, கோணல்மாணலாக இருந்தால் நல்ல அறிகுறி. சுற்றிலும் மெல்லிய வார்ப்புக் கோடு ஓடினால் அது வார்த்தெடுத்த போலி, விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள். எதுவானாலும் புளி போட்டு மட்டும் தேய்த்துவிடாதீர்கள்.