ஸ்ட்ராப் மாற்ற வாட்ச்சைக் கடையில் விட்டுவிட்டு வரவேண்டுமா?

கேள்வி: அப்பா கட்டியிருந்த வாட்ச், தோல் ஸ்ட்ராப் விரிசல் விட்டுவிட்டது. நானே மாற்றலாம் என்று பார்த்தால், கடைக்காரர் ‘கை வைத்தால் தண்ணீர் உள்ளே போய்விடும், இரண்டு நாள் விட்டுவிட்டுப் போங்கள்’ என்கிறார். வாட்ச் 40 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறது, ஆனால் 40 ஸ்ட்ராப் எங்கும் கிடைக்கவில்லை. கீறல் விழுமோ என்ற பயமும் இருக்கிறது.

பதில்: முதலில் அந்தத் தண்ணீர் கதையை முடித்துவிடுவோம். வாட்ச்சுக்குள் தண்ணீர் போகாமல் தடுப்பது பின்மூடியின் அடியில் இருக்கும் ரப்பர் வளையம், சாவி கொடுக்கும் திருகின் உள்ளே இருக்கும் வளையம், கண்ணாடியைச் சுற்றியிருக்கும் அடைப்பு, இவைதான். ஸ்ட்ராப் இவை எதையும் தொடுவதில்லை. வாட்ச் உடம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நான்கு கொம்புகளுக்கு நடுவில்தான் அது மாட்டப்பட்டிருக்கிறது. மூடியைத் திறக்கவே போவதில்லை என்னும்போது தண்ணீர் எந்த வழியாக உள்ளே போகும்? பழகிய கைக்கு ஐந்து நிமிட வேலை, முதல் தடவை செய்பவருக்கு அரை மணி நேரம். இதற்காக அப்பாவின் வாட்ச்சை இரண்டு நாள் யாரிடமும் விட்டுவைக்காதீர்கள்.

அடுத்து அளவு. 40 என்பது வாட்ச் உடம்பின் குறுக்களவு. ஸ்ட்ராப் வாங்க உங்களுக்கு வேண்டியது கொம்புக்கும் கொம்புக்கும் இடையில் உள்ள இடைவெளி, உள்பக்கத்திலிருந்து உள்பக்கம் வரை. பெரும்பாலும் 18, 20, 22 மில்லிமீட்டரில் ஒன்றாக இருக்கும், 19ம் 21ம் கூட உண்டு. பழைய ஸ்ட்ராப்பை வைத்து அளக்காதீர்கள், தோல் வியர்வையில் ஊறி ஓரம் தேய்ந்து போயிருக்கும். ஸ்கேலை உலோகத்தின் மேல் வைத்து அளந்து பாருங்கள். இந்த ஒரு எண்ணைப் பின்மூடியில் பொறித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும், ஆனால் எத்தனையோ கம்பெனிகள் அதைச் செய்வதே இல்லை. விற்பவர்களோ ‘40 மில்லிமீட்டர் வாட்ச்சுக்குப் பொருந்தும்’ என்று எழுதி இன்னும் குழப்புகிறார்கள். அப்படி எழுதியிருக்கும் இடத்தில் வாங்காதீர்கள். 20 மில்லிமீட்டர் இடத்தில் 18 ஸ்ட்ராப்பை மாட்டினால் அது பக்கவாட்டில் ஆடிக்கொண்டே இருக்கும், பார்க்கவும் நன்றாக இருக்காது.

ஸ்ட்ராப்பைப் பிடித்துவைத்திருப்பது ஸ்பிரிங் பார், கடைகளில் வெறும் ‘பின்’ என்பார்கள். ஒரு சின்னக் குழாய், உள்ளே சுருள்வில், இரண்டு முனையிலும் அமுக்கினால் உள்ளே போகும் நுனி. அந்த நுனிக்குக் கீழே மெல்லிய ஒரு விளிம்பு இருக்கும். அந்த விளிம்பைப் பிடிப்பதற்கென்றே கவை போன்ற முனை உள்ள கருவி இருக்கிறது, கத்தி முனையும் ஊசியும் அதற்கு மாற்று ஆகாது, கீறல் விழுவதே அவை வழுக்கும்போதுதான்.

நான்கு கொம்புகளிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். மடித்த துண்டின் மேல் வாட்ச்சைக் குப்புற வையுங்கள். கவை முனையைக் கொம்புக்கும் ஸ்ட்ராப்புக்கும் நடுவில் விட்டு, விளிம்பில் மாட்டி, கொம்பை விட்டு விலகும்படி ஸ்ட்ராப்பின் நடுவை நோக்கித் தள்ளுங்கள். மேல்நோக்கி நெம்ப வேண்டாம். நுனி குழியை விட்டு வெளியே வந்ததும் ஸ்ட்ராப்பை லேசாகத் தூக்கினால் கழன்றுவிடும். அந்த ஸ்பிரிங் பார் துள்ளி ஓடும், அதனால் இன்னொரு கையால் மூடிக்கொண்டே செய்யுங்கள்.

மாட்டும்போது ஒரு நுனியை முதலில் குழிக்குள் வைத்துவிட்டு மறுநுனியை அமுக்கி நகர்த்திக்கொண்டு போங்கள், குழி வந்ததும் ‘டக்’ என்று உட்காரும். பக்கிள் உள்ள சின்னத் துண்டு 12 மணிப் பக்கம், துளை உள்ள நீளத் துண்டு 6 மணிப் பக்கம். அப்புறம் இரண்டு துண்டையும் நன்றாக இழுத்துப் பாருங்கள், கட்டிலுக்கு மேலே வைத்துச் செய்வது நல்லது. சத்தம் கேட்டும் சரியாக உட்காராத ஸ்பிரிங் பாரால்தான் வாட்ச் கீழே விழுகிறது.

பழைய பின்னைத் திரும்ப மாட்டாதீர்கள். வியர்வையில் துருப்பிடித்து உள்ளே சுருள் செத்திருக்கும். வாட்ச்சின் மிக மலிவான பாகங்களில் ஒன்று இது, முழு வாட்ச்சையும் கையில் பிடித்துவைத்திருப்பதும் இதுதான். கருவியே வேண்டாம் என்றால், குட்டி நெம்புகோல் வைத்த ஸ்பிரிங் பாரோடு வரும் ‘க்விக் ரிலீஸ்’ ஸ்ட்ராப் வாங்குங்கள், விரல் நகத்தால் இழுத்தால் போதும்.

பழைய ஸ்ட்ராப்பைக் கழற்றுவதற்கு முன்னால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். கொம்பின் வெளிப்பக்கத்தில் ஸ்க்ரூடிரைவர் வைக்கும் கோடு தெரிகிறதா? தெரிந்தால் உங்கள் வாட்ச்சில் இருப்பது சுருள் பின் அல்ல, திருகாணி. கழற்றவும் மாட்டவும் நான் மேலே சொன்ன முறை இதற்குப் பொருந்தாது. ஒருபக்கம் மட்டும் கோடு இருந்தால் ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். இரண்டு பக்கமும் கோடு இருந்தால் ஒருபக்கத்தைப் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தைத் திருக வேண்டும், இல்லாவிட்டால் முழுத்தண்டும் சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும். சில திருகாணிகளைக் கழன்றுவிடாதபடி பசை போட்டு இறுக்கியிருப்பார்கள். பலத்தைக் காட்டினால் கோடு சிதைந்துவிடும், பிறகு துளைபோட்டு எடுக்க வேண்டியதுதான். இந்த ஒரு வகைக்குக் கடைக்குப் போங்கள், ஆனால் எதிரிலேயே உட்கார்ந்து பார்க்கும்படி செய்யச் சொல்லுங்கள்.

தோல் வாங்கும்போது ‘ஜெனுயின் லெதர்’ முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். தோல்தூளைப் பசையில் கலந்து தகடாக்கி, மேலே ஒரு பூச்சு கொடுத்ததையும் அந்தப் பெயரிலேயே தள்ளிவிடுபவர்கள் இருக்கிறார்கள். ஒருமுறை வளைத்துப் பாருங்கள், பூச்சு வெடித்துப் பிரிந்தால் வாங்க வேண்டாம்.

இன்னொன்று, பழைய ஸ்ட்ராப்பை எறியும் முன் அதன் பக்கிளைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் ஒரு சின்னப் பின்னில்தான் நிற்கிறது. ஸ்ட்ராப் அளவை 20/18 என்று எழுதியிருந்தால் அந்த 18தான் பக்கிள் பக்கத்து அகலம். பழைய பக்கிளின் உள்அகலத்தை அளந்து அதே எண்ணுள்ள ஸ்ட்ராப்பை வாங்கினால், அப்பா தினமும் போட்டுக் கழற்றிய அதே பக்கிளைப் புது ஸ்ட்ராப்பிலும் மாட்டிக்கொள்ளலாம்.