ஒரே கடை, மூணு கீபோர்டு: எல்லாரையும் மாத்தணுமா?

கேள்வி: தேனி பக்கத்துல ஜெராக்ஸ், டிடிபி கடை வெச்சிருக்கேன் சார். ரெண்டு கம்ப்யூட்டர், டைப் பண்ண மூணு பேர். ஒரு அக்கா டைப்ரைட்டிங் ஹையர் முடிச்சவங்க, பாமினி ஃபான்ட்ல பட்டையக் கெளப்புவாங்க. ஒரு பையன் இங்கிலீஷ் எழுத்துல அடிச்சு தமிழா வரவெக்கிறவன். புதுசா வந்த பொண்ணு தமிழ் 99 தான் தெரியும்ங்குது. ஒருத்தர் லீவு போட்டா அந்த சிஸ்டத்துல அடுத்தவங்க உக்கார முடியல. மெயில்ல அனுப்பின மனு கஸ்டமர் போன்ல ஏதோ கிறுக்கலா தெரியுதாம். பேசாம எல்லாரையும் ஒரே கீபோர்டுக்கு மாத்திடலாமா?

பதில்: மாத்தலாம், ஆனா அந்த அக்காவ விட்டுடுங்க. ஏன்னு சொல்றேன்.

உங்க கடையில ரெண்டு தலைவலி ஒண்ணா பின்னிக் கெடக்கு. ஒண்ணு விரல் எந்த கீயை தட்டுதுங்கறது, இன்னொண்ணு ஃபைலுக்குள்ள என்ன போய் உக்காருதுங்கறது. கிறுக்கல் வர்றது ரெண்டாவது கேஸ். பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை நீங்க அடிக்கறது இங்கிலீஷ்தான், அந்த இங்கிலீஷ் எழுத்துக்கு தமிழ் படத்தை மாட்டி விட்டிருக்காங்க, அவ்ளோதான். அக்கா 'வணக்கம்'னு அடிச்சா ஃபைல்ல இருக்கறது டி, இசட், எஃப், செமிகோலன், எஃப், கே, செமிகோலன். பாமினி இல்லாத போன்ல அதுதான தெரியும்? அதனால நாளைக்கே போட வேண்டிய ரூல் ஒண்ணுதான், யார் எந்த முறையில அடிச்சாலும் வெளிய வர்றது யூனிகோடா (எந்த போன்லயும் கம்ப்யூட்டர்லயும் தமிழாவே தெரியற பொதுக் குறியீடு) இருக்கணும். என்ஹெச்எம் ரைட்டர், எ-கலப்பை மாதிரி சாஃப்ட்வேர்ல பழைய டைப்ரைட்டர் வரிசையிலயே அடிச்சு யூனிகோடா எடுக்கலாம். அக்காவோட வேகம் உங்க கடையோட வருமானம், அதுல கை வெக்காதீங்க, யளனகன்னு வருஷக்கணக்கா பழகின விரலை இப்ப போய் கலைச்சா ரெண்டுங்கெட்டானா போயிடும்.

இப்ப விரல் கதைக்கு வருவோம். உங்க கீபோர்டுல ஹெச் கீயை மட்டும் பாருங்க. பாமினியில அது துணைக்கால், தமிழ் 99ல க, இந்திய அரசோட இன்ஸ்கிரிப்ட் வரிசையில ப, அந்தப் பையன் அடிக்கற முறையில ஹ. ஒரே பட்டன், நாலு எழுத்து! இங்கிலீஷ்ல இந்த கூத்து இல்ல, 1870கள்ல ரெமிங்டன் டைப்ரைட்டர்ல வந்த வரிசைதான் இன்னிக்கும் பேங்க்ல, ஸ்கூல்ல, உங்க கடையில எல்லாம். அது ரொம்ப நல்ல வரிசைன்னு இல்ல, எல்லாருக்கும் ஒண்ணா இருக்கு, அதான் அதோட பலமே. நமக்கு மட்டும்தான் இந்த குழப்பம்னும் நெனைக்காதீங்க, பிரெஞ்சுக்காரங்க கீபோர்டுல குறி போட்ட பெரிய எழுத்தை நேரா அடிக்க முடியாம திண்டாடி, 2019ல தான் பிரான்ஸ்ல அதுக்கு ஒரு தரம் வெளியிட்டாங்க.

தமிழ்ல இத்தனை வரிசை வந்ததுக்கு காரணம் இருக்கு. யாழ்ப்பாணத்துல பிறந்து மலாயா, சிங்கப்பூர் பக்கம் போன ஆர். முத்தையா தமிழ் டைப்ரைட்டரை வடிவமைச்சப்ப, 247 எழுத்தையும் சின்ன மெஷினுக்குள்ள அடக்க வேண்டியிருந்துச்சு. அதனால புள்ளி மாதிரி குறிக்கெல்லாம் தட்டினாலும் பேப்பர் நகராத கீ, கொம்பை மொதல்ல போட்டுட்டு அப்புறம் எழுத்துன்னு கண்ணுக்கு தெரியற வரிசையிலயே அடிக்கறது, இப்படி மெஷினோட கட்டாயத்துக்கு ஏத்த மாதிரி அமைஞ்சுது. கம்ப்யூட்டருக்கு அந்த கட்டாயம் கிடையாது. ஆனா கம்ப்யூட்டர் வந்தப்போ ஆளாளுக்கு ஒரு ஃபான்ட், ஒரு வரிசைன்னு இறக்கிட்டாங்க. இது சரிப்படாதுன்னுதான் 1999 பிப்ரவரியில சென்னையில நடந்த தமிழிணையம் 99 மாநாட்டுல பேசி, அதே வருஷம் தமிழ்நாடு அரசு தமிழ் 99ஐ தர விசைப்பலகையா அறிவிச்சுது.

புதுசா கத்துக்கறவங்களுக்கு கண்ணை மூடிட்டு நான் சொல்றது அதான். உயிரெழுத்து எல்லாம் இடது கையில, மெய் எல்லாம் வலது கையில (வ, ங ரெண்டும் மட்டும் இடது கை பக்கம் நிக்கும்). க, ப, ம, த, ந, ய நடு வரிசையிலயே இருக்கு. முக்கியமா வார்த்தை நடுவுல வர்ற பல புள்ளியை அதுவே போட்டுக்கும். 'நன்றி'க்கு ந, ன, ற, இ, நாலே தட்டு. 'வணக்கம்'க்கு கடைசி புள்ளியையும் சேர்த்து ஆறு தட்டு, இங்கிலீஷ் வழியில அதே வார்த்தைக்கு எட்டு தட்டு, நடுவுல ண வர்றதுக்கு ஷிஃப்ட் வேற. நாள் பூரா மனு, பத்திரம்னு அடிக்கறவங்களுக்கு அது மணிக்கட்டுல தெரியும். ஒரே ஒரு இடத்துல உஷாரா இருக்கணும், சசின்னு பேர் அடிக்கும்போது ரெண்டு ச வந்தா அது ச்சன்னு ஆக்கிடும், நடுவுல ஒரு அ தட்டிட்டு அடுத்த ச போட்டா சரியாயிடும். இது தெரியாம பல பேர் தமிழ் 99 சரியில்லன்னு ஓடிட்டாங்க.

இன்ஸ்கிரிப்ட் வேண்டாமான்னு கேட்டா, அது எல்லா இந்திய மொழிக்கும் சேர்த்து தெச்ச சட்டை. ஹிந்தி தெலுங்குலயும் டைப் பண்றவங்களுக்கு உபயோகம், தமிழ் மட்டும் அடிச்சா கைக்கு எட்டுற சில கீ சும்மா காலியா கெடக்கும்.

அந்தப் பையனைத்தான் மாத்தணும். இங்கிலீஷ் வழி வாட்ஸப்புக்கு போதும், ஆனா அது ஒரே முறை கிடையாது, ஒரு சாஃப்ட்வேர்ல ந வர்றதுக்கு ஒரு கீ, இன்னொண்ணுல வேற கீ, அதனால சிஸ்டம் மாறினா தடுமாறுவான், ல ள ழ, ன ண ந குழப்பமும் அதுலதான் ஜாஸ்தி. நானும் அப்படி அடிச்சுட்டு இருந்தவன்தான், மாறினப்ப மொத வாரம் எரிச்சலா இருந்துச்சு, மூணாவது வாரம் பழைய வேகம் வந்துருச்சு. கீ மேல ஸ்டிக்கர் ஒட்டிக் குடுக்காதீங்க, கண்ணு அங்கயே ஒட்டிக்கும், வரிசையை பிரிண்ட் எடுத்து மானிட்டர் பக்கத்துல மாட்டுங்க. தினம் அரை மணி நேரம், கூட்டம் இல்லாத மத்தியானத்துல அடிக்கச் சொல்லுங்க, பக்கத்துலயே சொல்லித்தர அந்த பொண்ணு இருக்குல்ல.

விண்டோஸ் 10, 11ல தனியா எதுவும் வாங்க வேண்டாம். செட்டிங்ஸ்ல லாங்குவேஜ் போய் தமிழ் சேர்த்துட்டு, அதோட நிறுத்தாம கீபோர்டு லிஸ்ட்ல தமிழ் 99 இருக்கான்னு பாத்து அதை போடுங்க. விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினா மாறும், அதனால அக்காவோட வரிசையும் அதே சிஸ்டத்துல இருக்கட்டும். எதை போட்டாலும் மொதல்ல நன்றி டெஸ்ட் பண்ணுங்க, நாலு தட்டுல வரலன்னா புள்ளி தானா விழலன்னு அர்த்தம், அப்போ என்ஹெச்எம் ரைட்டரோ எ-கலப்பையோ போட்டுக்கோங்க.

இன்னொண்ணு, ஔவையார்னு அடிக்கும்போது பழைய பழக்கத்துல ஒ, ள தனித்தனியா போட்டுடுவாங்க. பேப்பர்ல ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் தெரியும், ஆனா ஃபைல்ல தேடினா கிடைக்காது. வாடிக்கையாளர் லிஸ்ட் வெச்சிருந்தீங்கன்னா ஔ, சௌ வர்ற பேரை ஒரு தடவை பாத்துடுங்க.

பழைய பாமினி ஃபைலை கன்வெர்ட்டர்ல போட்டு யூனிகோடா மாத்தலாம். ஆனா நடுவுல இங்கிலீஷ் வரி, மெயில் ஐடி இருந்தா அதையும் தமிழ்னு நெனச்சு கண்டபடி மாத்தி வெச்சிடும். அதனால மொத்தமா தூக்கிப் போடாம, தமிழ் பத்தியை மட்டும் எடுத்து மாத்துங்க, ஒரிஜினலை அழிக்காம தனி ஃபோல்டர்ல வெச்சிருங்க.